யானை இறங்குமுன் அறிதல்: வட்டைக் காவலில் செங்கீழ்க் கதிரும் லேசரும்

மட்டக்களப்பின் படுவான்கரையிலும், அம்பாறை மாவட்டத்தின் காட்டோர வட்டைகள் எனப்படும் வயல்வெளிகளிலும், பெரும்போக நெல் கதிர் தள்ளும் காலம் தொடங்கி சூடடித்து முடியும்வரை, இரவுக்காவல் என்பது பெரும்பாலும் யானைக்காகக் காத்திருப்பதாகவே அமைகிறது. வெள்ளாவெளி, வவுணதீவு, கிரான் பக்கங்களிலும், சம்மாந்துறை, திருக்கோவில், பொத்துவில் பக்கங்களிலும் வாடி என்னும் காவல் குடில் போட்டு இருப்போரிடம் டோர்ச்சும் யானை வெடியும் உண்டு. அவை இரண்டும் யானை வயலுக்குள் கால் வைத்த பிறகு பயன்படுபவை. அப்போது பயிர் மிதிபட்டிருக்கும். யானையும் மனிதரும் சில பத்து மீற்றர் இடைவெளியில் இருட்டில் எதிரெதிரே நிற்பார்கள். ஆகவே காட்டோரத்தை விட்டு யானை புறப்பட்ட கணத்தை, அது அறியாதவாறு நாம் அறிந்துகொள்வது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

இதற்கான கருவிகளும் முறைகளும் இராணுவத் தேவையிலிருந்து பிறந்தவை. எதிரி அறியாமல் எதிரியைக் காண்பது, காணப்பட்டது என்னவென்று பிரித்தறிவது, அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளப்பது ஆகிய மூன்றுக்காகவே செங்கீழ்க் கதிர்க் கருவிகளும் லேசர்த் தூரமானிகளும் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுக்கப்பட்டன. இன்று அவற்றின் எளிய வடிவங்கள் மதில் காவலுக்கும், வனவிலங்கு ஆய்வுக்கும், கோல்ஃப் விளையாட்டுக்கும் கடைகளில் கிடைக்கின்றன. அந்த எளிய வடிவங்களே வட்டைக்குப் போதும்.

மூன்று விதமான பார்வை

மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையான அலைநீளங்களைக் காண்கிறது. அதற்கு அப்பால் உள்ளவை செங்கீழ்க் கதிர்கள். அகச்சிவப்புக் கதிர்கள் என்றும் இவற்றைச் சொல்வதுண்டு. நமது வேலைக்கு இவற்றில் இரண்டு பகுதிகள் முக்கியமானவை. முதலாவது, சிவப்புக்கு அடுத்துள்ள அண்மைப் பகுதி. சாதாரண கமராவின் சிலிக்கன் தகடு ஏறத்தாழ 1100 நனோமீற்றர் வரை இதனை உணரக்கூடியது. இரண்டாவது, 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான வெப்பப் பகுதி. யானையோ மாடோ மனிதரோ, உடல் வெப்பம் உள்ள எதுவும் இந்தப் பகுதியில் தானாகவே கதிர்வீசிக்கொண்டிருக்கும். நமது உடல் வெப்பநிலைக்கு அந்த வீச்சின் உச்சம் ஏறத்தாழ 9.5 மைக்ரோமீற்றரில் விழுகிறது. இந்தப் பகுதிக்கு வளிமண்டலமும் ஓரளவு வழிவிடுவது நமக்கு வாய்ப்பாகிறது.

அண்மைப் பகுதியைப் பயன்படுத்தும் கருவி தானே கதிரைப் பாய்ச்சித் திரும்பி வருவதைப் பார்க்கிறது. இரவில் படம் எடுக்கும் காட்டுக் கமராக்களும் வீட்டுக் காவல் கமராக்களும் இந்த இனம். இவற்றின் விளக்குகள் பொதுவாக 850 அல்லது 940 நனோமீற்றர் அலைநீளத்தில் வருகின்றன. 850இல் எட்டும் தூரம் கூடுதல். ஆனால் விளக்கை நேரே பார்ப்பவருக்கு மங்கிய சிவப்புப் பொட்டாக அது தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது. கமராவின் உணர்திறன் அங்கே குறைவதால் தூரமும் குறையும். கடவை எனப்படும் யானை வழியின் ஓரத்தில் பொருத்தும் கமராவுக்கு 940ஐயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. யானை அந்தச் சிவப்புப் பொட்டைப் பொருட்படுத்துமா என்பதைப் பற்றி வாதம் இருக்கலாம்; கமராவைக் கழற்றிக்கொண்டு போக வருபவர் அதை நிச்சயமாகக் கவனிப்பார்.

விளக்கைப் பாய்ச்சிப் பார்க்கும் முறையின் இந்தப் பலவீனம் பழையது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1945இல், ஒக்கினாவாவில் அமெரிக்கப் படையினர் துப்பாக்கியில் செங்கீழ்க் கதிர் விளக்கும் பார்வைக் குழாயும் பொருத்திப் பயன்படுத்தினர். அதே போன்ற பார்வைக் குழாய் எதிரியிடமும் இருந்தால், விளக்கை ஏந்தியவரே முதலில் காட்டிக்கொடுக்கப்படுவார். பிற்காலப் படைகள் வெப்பக் கமராவை நாடியதற்கு இது பெரிய காரணம். வெப்பக் கமரா எதையும் பாய்ச்சுவதில்லை. பொருள் தானே வீசும் கதிரை வாங்கிப் படமாக்குகிறது.

மூன்றாவது முறை பார்ப்பதே இல்லை. கடவையின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செங்கீழ்க் கதிர்க் கற்றை ஒன்றை ஓடவிட்டு, அது மறிக்கப்படும்போது செய்தி அனுப்பச் செய்வது இது. இதற்குப் படமும் இல்லை, திரையும் இல்லை, கண் விழித்துப் பார்த்திருக்க ஆளும் வேண்டியதில்லை. விலையும் மூன்றிலும் குறைவு. எனவே கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால், கற்றையையே முதலில் போட வேண்டும். வெப்பக் கமரா பல வட்டைக்காரர் சேர்ந்து, கமக்காரர் அமைப்பின் பேரில் வாங்கிச் சுழற்சி முறையில் வைத்திருக்கத் தக்க பொருள்.

வெப்பக் கமரா வாங்குமுன் ஒரு கணக்கு

விற்பனையாளர் சொல்லும் தூரத்தை நம்பி வெப்பக் கமரா வாங்கக்கூடாது. "இரண்டு கிலோமீற்றர் வரை தெரியும்" என்றால், அந்தத் தூரத்தில் ஏதோ ஒன்று வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் என்பதே பொருள். படுவான்கரையில் இரவில் காட்டோரமாகக் கிடக்கும் மாட்டுப் பட்டியும் எருமைகளும் அதே போன்ற புள்ளிகள்தாம்.

இதற்கான அளவுகோலை 1958இல் ஜோன் ஜோன்சன் என்னும் அமெரிக்க இராணுவ ஆய்வாளர் வகுத்தார். இன்றைய கமராக்களுக்கு ஏற்ப அதைச் சுருக்கிச் சொன்னால், பொருளின் குறுகிய பக்கத்தின் மேல் இரண்டு படப்புள்ளிகள் விழுந்தால் ஏதோ இருக்கிறது என்று அறியலாம். எட்டுப் புள்ளிகள் விழுந்தால் அது எந்த இனம் என்று சொல்லலாம். பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் இன்னது என்று திடமாகக் கூறலாம். ஒரு புள்ளி எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பதைக் கண்டுபிடிக்க, கமராவின் விபரத்தாளில் உள்ள புள்ளி அளவை வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்து, பார்க்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 12 மைக்ரோமீற்றர் புள்ளியும் 19 மில்லிமீற்றர் வில்லையும் உள்ள கையடக்கக் கமராவில், 500 மீற்றர் தூரத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 32 சென்றிமீற்றரைப் பிடிக்கும். தோள் உயரம் 2.5 மீற்றர் உள்ள யானையின் மேல் எட்டுப் புள்ளிகள் விழும், 1.3 மீற்றர் உயர மாட்டின் மேல் நான்கு விழும். ஆகவே இந்தக் கமராவால் 500 மீற்றரில் யானையை மாட்டிலிருந்து பிரிக்கலாம். ஒரு கிலோமீற்றரில் யானையும் நான்கு புள்ளியாகச் சுருங்கிவிடுவதால் பிரிக்க முடியாது. நமது வாடியிலிருந்து காட்டோரம் எவ்வளவு தூரம் என்பதை முதலில் அளந்து, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

இந்தப் பகுதிக் காலநிலையில் வெப்பக் கமரா ஏமாற்றும் நேரங்களும் உண்டு. சூரியன் மறைந்ததும் பாறை, புற்று, காய்ந்த வரம்பு எல்லாம் பகல் வெப்பத்தை மெல்ல இழந்து வரும். யானையின் தோல் வெப்பநிலையும் சுற்றுப்புறத்தின் வெப்பநிலையும் ஒன்றாகும் ஒரு இடைப்பொழுது அப்போது வரும். யானை காட்டை விட்டு வெளிக்கிடுவதும் அந்த மைம்மல் நேரத்தில்தான் என்பதால், இருட்டி ஒரு மணி நேரம் வரை வெறுங்கண்ணையும் காதையுமே கூடுதலாக நம்ப வேண்டும். குளத்தில் குளித்துச் சேறு பூசி வரும் யானையும் சிறிது நேரம் மங்கலாகவே தெரியும். ஈரம் உலரும்போது தோல் குளிர்ந்துவிடுவது காரணம். மார்கழி மழையில் எல்லாமே ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஆனால் நள்ளிரவு கடந்து பனி இறங்கிய பின், வெட்டவெளியில் நிற்கும் யானை விளக்குப் போட்டதுபோல் தெரியும்.

மழைக்காகக் கமராவைக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதில் பயனில்லை. சாதாரணக் கண்ணாடி 8 முதல் 14 மைக்ரோமீற்றர்க் கதிரை விடாது. இதனாலேயே வெப்பக் கமராவின் வில்லை ஜெர்மேனியத்தால் செய்யப்படுகிறது. ஆனால் மெல்லிய பொலித்தீன் அந்தக் கதிரைப் பெருமளவு விடும். அவசரத்துக்கு, சுருக்கமில்லாத மெல்லிய சொப்பின் பை ஒன்றை வில்லைக்கு முன் இழுத்துக் கட்டினால், தெளிவு சற்றுக் குறைந்தாலும் யானை தெரியும்.

கடவையில் கற்றை கட்டுதல்

யானை எங்கும் நடக்கும் என்று தோன்றினாலும், வட்டைக்கு வரும் வழிகள் சிலவே. குளக்கட்டின் முனை, வாய்க்கால் தாழ்ந்த இடம், பற்றைக்கும் பாறைக்கும் இடைப்பட்ட வெளி, உடைந்த மின்வேலி என்பவற்றைப் பகலில் நடந்து பார்த்து, லத்தியும் கால் தடமும் மரத்தில் உரசிய சேறும் எங்கே திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வயல் நிருவாகத்தைக் கவனிக்கும் வட்டவிதானையாருக்கும், வயல் வேலையை முன்நின்று நடத்தும் முதிய முல்லைக்காரருக்கும் இந்தக் கடவைகள் பெரும்பாலும் மனப்பாடம்.

கற்றையை வயலோரத்தில் போடுவது வீண். யானை மணிக்கு நான்கு முதல் ஆறு கிலோமீற்றர் வேகத்தில் நடக்கும். வயலிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடவையில் கற்றை இருந்தால், ஏறத்தாழ 10 முதல் 15 நிமிட முன்னறிவிப்புக் கிடைக்கும். யானை வழியில் நின்று மேய்ந்தால் இன்னும் கூடும். நூறு மீற்றரில் போட்டால், செய்தி வந்து சேர்ந்து ஆட்கள் எழும்பும்போது யானை கதிரில் நிற்கும். முன்னறிவிப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நமது புகையிரதப் பாதையே சான்று. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி, கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான பாதையில், ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. முன்விளக்கின் வெளிச்சத்தில் யானையைக் கண்ட பின் ஒரு ரயிலை நிறுத்துவதற்குத் தூரம் போதாது.

கடையில் மதில் காவலுக்கென்று விற்கப்படும் இரட்டைக் கற்றைச் சென்சர் சோடி இதற்குப் பொருத்தமானது. ஒரு பெட்டி கதிரை அனுப்பும். எதிரே உள்ள பெட்டி வாங்கும். கதிர் குறிப்பிட்ட துடிப்பில் அனுப்பப்படுவதால் சூரிய வெளிச்சம் அதைக் குழப்பாது. ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும் இரு கற்றைகளும் ஒரே நேரத்தில் மறிபட்டால் மட்டுமே செய்தி போகும் என்பதால், விழும் இலையும் சிறு பறவையும் பெரும்பாலும் கணக்கில் வராது. 30 மீற்றர்க் கடவைக்கு 60 மீற்றருக்கென்று குறிக்கப்பட்ட சோடியை வாங்க வேண்டும். மழையும் பனியும் தூசும் தின்பதற்கு அந்த மிச்சம் தேவை.

கற்றையின் உயரமே இந்த அமைப்பின் உயிர். முழங்கால் உயரத்தில் கட்டினால் நாயும் பன்றியும் மாடும் இரவு முழுக்க மணி அடிக்க வைக்கும். மூன்றாம் நாள் யாரும் எழும்பமாட்டார்கள். நிலத்திலிருந்து 1.8 மீற்றருக்கும் 2 மீற்றருக்கும் இடையில் கட்டினால், மாடு, எருமை, பன்றி, மான் எல்லாம் கீழே போய்விடும். நடந்து போகும் மனிதரிலும் பெரும்பாலோர் மறிக்கமாட்டார்கள். வளர்ந்த யானை தப்பாது. குட்டி தப்பும், ஆனால் குட்டி தனியே வருவதில்லை.

அடுத்தது மறிப்பு நேரம். பல மாதிரிகளில் இதனை 50 முதல் 700 மில்லிசெக்கன் வரை ஒரு சிறு திருகால் மாற்றலாம். மதிலுக்குக் குறைந்த நேரம் வைப்பார்கள், ஓடிப் பாய்பவரைப் பிடிப்பதற்கு. நமக்கு உள்ளதில் ஆகக் கூடியதே பொருத்தம். செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் நடக்கும் யானையின் உடல் கற்றையைக் கடக்க இரண்டு செக்கனாவது ஆகும். வௌவாலும் ஆந்தையும் அரைச் செக்கன்கூட மறிக்கா. உழவு இயந்திரம் மறிக்கும் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வண்டிப் பாதையாகவும் உள்ள கடவையில், ஒரு மீற்றர் இடைவெளி விட்டு இரண்டாம் சோடியும் ஒரு காட்டுக் கமராவும் வைத்தாலொழிய இரண்டையும் பிரிக்க இயலாது.

தூண் விடயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கற்றை எதிர்ப் பெட்டியின் மேல் சரியாக விழ வேண்டும். தூண் ஒரு மீற்றர் உயரத்துக்கு ஒரு மில்லிமீற்றர் சரிந்தாலே, நூறு மீற்றர் தூரத்தில் கற்றை பத்துச் சென்றிமீற்றர் விலகிவிடும். நமது வயல் நிலங்களின் களி கோடையில் வெடித்து, பெரும்போக மழையில் ஊதும். கம்பை நட்டு மண் மிதித்தால் கார்த்திகைக்குள் சரிந்துவிடும். இரண்டு அங்குல ஜீ.ஐ. குழாயை, முக்கால் மீற்றர் ஆழக் குழியில் கொங்கிறீற் போட்டு நிறுத்த வேண்டும். கடவையின் நடுத்தடத்திலிருந்து தள்ளி, பற்றையோடு ஒட்டி நிறுத்துவது நல்லது. வெட்டவெளியில் நிற்கும் தூணில் யானை முதுகு உரசும். கரையில் வயது முதிர்ந்த மருதோ பாலையோ இருந்தால், அதன் அடிமரத்தில் பெட்டியைப் பொருத்தலாம். காற்றில் ஆடும் இளமரம் உதவாது.

கற்றை கண்ணுக்குத் தெரியாததால், நேர்ப்படுத்தும்போது கைத்தொலைபேசியின் கமரா கைகொடுக்கும். சில தொலைபேசிகளின் பின்கமரா செங்கீழ்க் கதிரை வடிகட்டிவிடும். முன்கமராவில் பெரும்பாலும் தெரியும். தொலைக்காட்சி றிமோட்டின் முனையைக் கமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தி, ஊதா கலந்த வெள்ளைப் பொட்டாகத் தெரிகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளலாம். அதே பொட்டு, அனுப்பும் பெட்டியிலும் தெரியும். இந்த வேலையை மாலை மங்கும் நேரத்தில் செய்தால் பொட்டு தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் கடவையில் நிற்பது அறிவுடைமையன்று. நண்பகலில், குறைந்தது இருவராக, ஒருவர் காட்டுப்பக்கம் பார்த்து நிற்க, பெட்டிக்குள் உள்ள அளவுகாட்டி ஆகக் கூடிய பெறுமானத்தைக் காட்டும்வரை மெல்லத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

மின்சாரத்துக்குச் சூரியத் தகடே வழி. சோடியும் செய்தி அனுப்பும் சிம் பெட்டியும் சேர்ந்து 12 வோல்ட்டில் சராசரியாக 100 மில்லியம்பியர் எடுத்தால், ஒரு நாளைக்கு 2.4 அம்பியர்-மணி தேவை. மார்கழியில் ஐந்து நாள் வெயிலே இல்லாமல் போவதுண்டு. அதற்கு 12 அம்பியர்-மணி. ஈய பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 24 அம்பியர்-மணி பற்றறி ஒன்றும், 30 வோற் தகடும் வைப்பது பொருந்தும். செய்தி வாடியில் உள்ள தொலைபேசிக்குப் போக வேண்டும். கடவையில் மணியோ விளக்கோ வைக்கக் கூடாது. அங்கே சத்தம் கேட்டால் யானை வழியை மாற்றும், அல்லது தூணைச் சாய்க்கும்.

பராமரிப்பில் ஆளைச் சலிக்க வைப்பவை சிறிய உயிர்கள். சிலந்தி வில்லைக்கு முன் நூல் கட்டும். குளவி பெட்டிக்குள் மண்கூடு வைக்கும். சிற்றெறும்பு சுற்றுப்பலகையில் முட்டையிடும். கம்பி நுழையும் துளையைச் சிலிக்கனால் அடைத்து, வாரம் ஒருமுறை பகலில் வில்லையைத் துணியால் துடைத்தால் போதும்.

தூரத்தைப் பகலிலேயே அளந்து வைத்தல்

லேசர்த் தூரமானி மிகக் குறுகிய துடிப்பொன்றை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு மைக்ரோசெக்கனில் 300 மீற்றர் போவதால், போய்வர ஒரு மைக்ரோசெக்கன் எடுத்தால் பொருள் 150 மீற்றரில் உள்ளது. கையடக்கத் தூரமானிகள் பெரும்பாலும் 905 நனோமீற்றரிலும், படைகளின் கண்பாதுகாப்பான தூரமானிகள் ஏறத்தாழ 1550 நனோமீற்றரிலும் வேலை செய்கின்றன.

இதனை இரவில் யானையின் மேல் பிடிக்கத் தேவையில்லை. காவலரண்களில் படையினர் செய்வதைப் போல, பகலில் வாடியில் இருந்தவாறே, குளக்கட்டின் மதகு, தனித்த பனை, மின்வேலிக் கம்பம், பாறை என ஒவ்வொன்றுக்கும் தூரத்தை அளந்து, ஒரு மட்டையில் வரைந்து வாடியின் தூணில் ஒட்டிவிட வேண்டும். இரவில் வெப்பக் கமராவில் யானை பனைக்கு இப்பால் தெரிந்தால், அது எத்தனை மீற்றர் என்பதற்கு மட்டையே பதில் சொல்லும். வாடிக்கு வாடி தொலைபேசியில் பேசும்போதும் "பனைக்கு இப்பால், முந்நூறு" என்றால் குழப்பம் இல்லை.

அடையாளமில்லாத வெளியில் செயற்கை அடையாளம் நடலாம். வீதிப் பலகைகளில் ஒட்டும் ஒளி திருப்பும் பட்டியை மரக்கட்டையில் ஒட்டினால், செங்கீழ்க் கதிர் விளக்குள்ள கமராவில் அது பளிச்சென்று தெரியும். வெப்பக் கமராவுக்கு அது உதவாது. அதற்கு அலுமினியத் தாள் ஒட்டிய பலகையை வானத்தைப் பார்த்தபடி சற்றுச் சரித்து நடவேண்டும். பளபளப்பான அலுமினியம் தானாக வெப்பக் கதிர் வீசுவது மிகக் குறைவு. குளிர்ந்த இரவு வானத்தையே அது பிரதிபலிக்கும். எனவே முகில் இல்லாத இரவுகளில் கரிய சதுரமாகத் தெரியும். படையினர் தம்மவரைத் தூரத்திலிருந்து பிரித்தறிய அணியும் பட்டிகளும் பலகைகளும் இதே இரண்டு தத்துவங்களில் அமைந்தவை. காவலுக்குப் போவோர் தொப்பியில் ஒளி திருப்பும் பட்டித் துண்டொன்றை ஒட்டிக்கொண்டால், கமராவில் தெரிவது நமது ஆளா என்ற சந்தேகம் தீரும்.

வாடியில் இருந்து பார்ப்பது

கமராவைக் கண்ணில் வைத்தபடியே இரவைக் கழிக்க முடியாது. வெளியை மூன்று நான்கு துண்டுகளாகப் பிரித்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு துண்டிலும் சில செக்கன்கள் நிறுத்தி, கால்மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். யானை நகர்வது மெதுவாகையால், வேகமாக வீசிப் பார்ப்பவருக்கு அது பாறையாகவே படும். திரையின் வெளிச்சத்தை ஆகக் குறைக்க வேண்டும். இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூசும் திரை ஒரு நொடியில் கெடுத்துவிடும். மீண்டும் முழுதாகப் பழக அரைமணி நேரமளவு ஆகும்.

யானையிடமிருந்து மறைந்திருப்பதில் வெளிச்சத்தை விட மணமே பெரிது. கச்சான் காற்று வீசும் சிறுபோகக் காலத்தில் காற்று காட்டுப்பக்கத்திலிருந்து வருவதால் வாடியின் மணம் கடல் பக்கம் போய்விடும். பெரும்போகத்தில் வாடைக்காற்று வாடியின் புகையையும் சமையல் மணத்தையும் நேரே காட்டுக்குக் கொண்டுபோகும். வாடியில் நெல்லையோ உப்பையோ வைத்திருப்பது எந்தக் காற்றிலும் ஆபத்து.

கண்ணைப் பற்றிய எச்சரிக்கை

கண்ணுக்குத் தெரியாத லேசர் தெரியும் லேசரை விட ஆபத்தானது. 400 முதல் 1400 நனோமீற்றர் வரையான கதிரைக் கண்ணின் வில்லை விழித்திரையில் குவித்துவிடும். தெரியாத கதிர் என்பதால் இமை மூடாது, தலையும் திரும்பாது. ஆகவே தூரமானியானாலும் கற்றைச் சென்சரானாலும், லேசர் பயன்படுத்துவதாயின் கண்ணுக்குப் பாதுகாப்பான முதலாம் வகுப்பு என்று குறிக்கப்பட்டதையே வாங்க வேண்டும். கண்ணைக் கெடுக்கக்கூடிய 3பீ, 4 ஆகிய வகுப்பு லேசர்களுக்கு வட்டையில் வேலையே இல்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பச்சை லேசர் டோர்ச்சை யானையின் கண்ணுக்கு அடிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அது யானையை ஆத்திரப்படுத்தும், குருடாக்கவும் கூடும். பல மலிவுப் பச்சை லேசர்களில் உள்ளே உருவாகும் செங்கீழ்க் கதிரை மறிக்கும் வடிகட்டி இல்லாமல், தெரியும் பச்சையோடு தெரியாத கதிரும் வெளியே வருகிறது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2010இல் இதைச் சோதித்து எச்சரித்தது. விமானங்களை நோக்கி எந்த லேசரையும் பிடிக்கக் கூடாது என்பதைச் சிறுவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

அனுமதியும் அறிவித்தலும்

தேசியப் பூங்காவுக்குள்ளோ ஒதுக்குக் காட்டுக்குள்ளோ தூண் நடுவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அல்லது வன பரிபாலனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கல்ஓயா, லகுகலை ஓரங்களில் எல்லைக்கல் எங்கே என்று பார்த்த பின்னரே குழி வெட்ட வேண்டும். குளக்கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல சேவைகள் திணைக்களத்துக்கோ உரியதாக இருக்கும். வெப்பக் கமராவை வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர், பணம் கட்டுமுன் சுங்கத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நமது மாவட்டங்களில் இரவில் பார்வைக் கருவியோடு காட்டோரத்தில் நிற்பவரை யாரும் சாதாரணமாகக் கடந்துபோவதில்லை. அதற்கான காரணத்தை விளக்க வேண்டியதுமில்லை. கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் அருகில் உள்ள முகாமுக்கும், கருவி எங்கே இருக்கிறது, எதற்காக, யார் பொறுப்பு என்பதைக் கமக்காரர் அமைப்பின் கடிதத்தில் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பிற்காலத் தலையிடி குறையும்.

செய்தி வந்த பின்

கற்றை மறிபட்டதாகச் செய்தி வந்ததும், முதல் வேலை வெப்பக் கமராவால் உறுதிப்படுத்துவது. எத்தனை, குட்டி உண்டா, எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்பது. இரண்டாவது, வட்டைக்குள் தனியே படுத்திருப்பவர்களை அழைத்து எடுப்பது. வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவிப்பது மூன்றாவது. வெளிச்சமும் சத்தமும் தேவைப்பட்டால், யானை வயலுக்குள் இறங்குமுன், வயல் பக்கமிருந்து மட்டுமே கொடுக்க வேண்டும். வந்த கடவையை யானைக்குத் திறந்து விட வேண்டும். நான்கு புறமும் ஆட்கள் நின்று கூச்சலிட்டால் அது யார் மேலாவது பாயும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவது சட்டவிரோதம். அந்தக் கம்பி யானையை மட்டுமல்ல, விடியப்புறம் தண்ணீர் திருப்ப வருபவரையும் கொல்லும்.

ஒவ்வொரு செய்திக்கும் நேரம், காற்றின் திசை, நிலவு, எண்ணிக்கை, பொய்ச் செய்தியானால் அதன் காரணம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வரவேண்டும். போகம் முடிந்து பார்த்தால், எந்தக் கடவை தை மாதத்தில் சும்மா கிடந்தது, எது மாசியில் ஓயாமல் மறிபட்டது என்பது தெரியும்; அடுத்த போகத்துக்குச் சென்சர்களை அதற்கேற்ப மாற்றிப் போடலாம். சூடடித்து முடிந்ததும் பெட்டிகளைக் கழற்றி, பற்றறியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். தூண்களை அப்படியே விட்டு, மேல் வாயை மூடிவிட்டால் போதும்.